கடிகாரத்தைத் தள்ளிவைத்தால் விடிந்துவிடுமா?

இலண்டன் நகரில் வீடு கட்டும் தொழில் நடத்திய வில்லியம் வில்லட் என்பவர் கோடைக்கால அதிகாலைகளில் குதிரைச் சவாரி செய்வது வழக்கம். வெயில் ஏறிய பின்னரும் வீடுகளின் சன்னல்கள் மூடிக் கிடப்பதைக் கண்டு வருந்திய அவர், 1907இல் சிறு நூலொன்றை வெளியிட்டார். ஏப்ரல் மாதத்து ஞாயிறுகள் நான்கில் கடிகாரத்தை 20 நிமிடம் வீதம் முன்னே நகர்த்தினால், வீணாகும் காலை வெளிச்சம் மாலையில் பயன்படும் என்பது அவர் வாதம். பாராளுமன்றம் செவிசாய்க்கவில்லை. அவர் இறந்த மறு ஆண்டு, 1916இல், போர்க்கால எரிபொருள் சிக்கனத்திற்காக முதலில் ஜெர்மனியும், சில வாரங்களில் பிரிட்டனும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளின.

இலண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்திற்கும் அதிகம். டிசம்பரில் 8 மணி நேரத்திற்கும் குறைவு. ஆகவே அங்கு இத்திட்டத்திற்குப் பொருளுண்டு. பூமத்திய ரேகையை அடுத்த கொழும்பிலோ இவ்வேறுபாடு ஒரு மணி நேரத்தையும் எட்டுவதில்லை. மிச்சம் பிடிக்க அங்கே வெளிச்சம் ஏது? ஆயினும் 1996இல் மழை பொய்த்து நீர்மின் உற்பத்தி தளர்ந்தபோது, இலங்கை அரசாங்கம் மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அக்டோபரில் அரை மணியைத் திரும்பப் பெற்றது. எஞ்சிய அரை மணியோ பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டமையால், ஒரே தீவில் இரு நேரங்கள் வழங்கின! ஜனவரியில் ஏறத்தாழ 7 மணிக்கே கதிரவன் உதிக்க, பள்ளிப் பிள்ளைகள் இருளில் புறப்பட்டனர். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் மீண்டது. அரசாணைக்குக் கடிகாரம் கட்டுப்படும். பாலுக்கு அழும் கைக்குழந்தை கட்டுப்படுமா?

கடிகாரத்தைத் தொடாமலேயே வேலை நேரத்தை மாற்ற வழியுண்டு. மூனிக் நகரை அடுத்த ஓட்டோபுரூனில் ஒரு விமானத் தொழில் நிறுவனம், காலை வேளையின் வாகன நெரிசலுக்குப் பரிகாரமாக 1967இல் இம்முறையைக் கைக்கொண்டது. குறிப்பிட்ட சில மணி நேரம் அனைவரும் பணியில் இருத்தல் வேண்டும். வரும் வேளையும் போகும் வேளையும் அவரவர் விருப்பம். இல்லக் கடமைகள் உள்ள தாய்மாரும் பணிக்கு வர இம்முறை உதவும் என்று கிறிஸ்டல் கேமரர் என்னும் ஜெர்மானியப் பெண்மணி முன்னரே வாதிட்டிருந்தார்.

மருத்துவமனைத் தாதியும் பேருந்து ஓட்டுநரும் இச்சலுகையை எளிதில் பெறவியலாது என்பது உண்மையே. அதனினும் கவலைக்குரியது வேறொன்று. பிள்ளையைப் பள்ளியில் விட்டு 10 மணிக்கு வர விரும்பும் தாய்க்கு அனுமதி மறுத்துவிட்டு, இரவு 9 மணிக்கு அவளுக்கு வேலை ஏவுவதையும் ‘நெகிழ்வு’ என்றே சில நிறுவனங்கள் அழைக்கின்றன. நேரத்தைக் குறிக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதன்றோ கேள்வி? வில்லட்டின் நாட்டில் 2003 முதல், சிறு குழந்தைகளின் பெற்றோர் வேலை நேர மாற்றம் கோருவதற்குச் சட்டமே உரிமை வழங்கியது. முதலாளி தக்க காரணம் காட்டி மறுக்கலாம். காரணம் கூறாமல் மறுக்கவியலாது.