போல் வால்ட்: உயரம் தரையிலேயே முடிவாகுது

போல் வால்ட் வீடியோ பார்த்தா நம்ம கண்ணு எங்க போகும்? கம்பு வில்லு மாதிரி வளையுற இடத்துக்கும், ஆள் தலைகீழா எழும்பி பாரைத் தாண்டுற இடத்துக்கும்தான். அதுக்கு அரை நொடி முன்னாடி நடந்ததை யாரும் கவனிக்கறதில்ல. ஆனா உயரத்துல பெரும்பகுதி அங்கதான் முடிவாகுது. இன்டர் காலேஜ் மீட்டுக்குப் பயிற்சி பண்றவங்க ஒரே உயரத்துல மாசக்கணக்கா மாட்டிக்கிட்டு, "இன்னும் கெட்டியான கம்பு கிடைச்சா தாண்டிடுவேன்"னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. கம்பை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு டேப்பும் ஒரு ஃபோனும் எடுத்துக்கிட்டு உங்க டேக்-ஆஃபைப் பாருங்க.

முதல்ல பிளஸ் டூ பிசிக்ஸ். ஓடி வர்ற இயக்க ஆற்றல் முழுசும் நிலை ஆற்றலா மாறுதுன்னு வச்சுக்குவோம். வேகத்தோட வர்க்கத்தை 19.62 ஆல வகுத்தா, உடலோட ஈர்ப்பு மையம் எவ்வளவு ஏறும்னு வந்துடும். நொடிக்கு 9 மீட்டர் வேகம்னா 4.13 மீட்டர். 8 மீட்டர்னா 3.26. (எடை ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடுது, அதனால ஒல்லியா இருக்கறவங்க ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம்.) நிஜத்துல கொஞ்சம் ஆற்றல் வீணாகும், கை இழுப்புல கொஞ்சம் கூடும். இருந்தாலும் கடைசி அடிகள்ல தயங்கி ஒரு மீட்டர் வேகத்தை விட்டா, கணக்குப்படி 87 சென்டிமீட்டர் போச்சு. அது எவ்வளவு பெரிசுன்னா, சுரேகா 2014-ல வச்ச 4.15 மீட்டர் தேசிய சாதனையை, தமிழ்நாட்டோட ரோஸி மீனா பால்ராஜ் 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில 4.20 தாண்டித்தான் முறியடிச்சாங்க. எட்டு வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர்.

சரி, வேகம் இருக்கு. எங்கிருந்து எழும்பணும்? இதுக்குப் பிதாகரஸ் போதும். வலது கைக்காரர் கம்பை 4 மீட்டர்ல பிடிக்கிறார்னு எடுத்துக்குங்க. வலது கை மேல, எழும்புற கால் இடது. கையை முழுசா நீட்டினா மேல் கை தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்துல இருக்கு. கம்போட நுனி நிக்கிற பாக்ஸ் பின்பக்கம் 20 சென்டிமீட்டர் ஆழம். ஆக நுனியிலிருந்து கைக்கு உயரம் 2.4, கர்ணம் 4, அடிப்பக்கம் 3.2 மீட்டர். அதாவது பாக்ஸோட பின்சுவரிலிருந்து ஏறக்குறைய 3.2 மீட்டர்ல, மேல் கைக்கு நேர் கீழே, இடது கால் ஊன்றணும். உங்க பிடியையும் உங்க கை உயரத்தையும் போட்டுப் பாருங்க, உங்க இடம் கிடைச்சுடும்.

இப்போ 30 சென்டிமீட்டர் உள்ளே வந்து 2.9-ல ஊன்றினா என்ன ஆகும்? கம்பு நீளம் மாறப் போறதில்ல. கை அங்கேயே நிக்கும், கால் முன்னாடி போயிடும். உடம்பு பின்னால சாய்ஞ்ச நிலையில கம்பு அதிர்ச்சியோட தோளைப் பின்னுக்கு இழுக்கும். கிரவுண்டுல இதைத்தான் 'அண்டர்'னு சொல்றாங்க. இடுப்புக்கும் முதுகுக்கும் அடி விழறது பெரும்பாலும் இதுல. மெத்தைக்குப் போகாம ரன்வேயிலேயே திரும்பி விழறதும் இதுலதான். இந்த நிலையில கெட்டியான கம்பு கொடுத்தா இன்னும் ஆபத்து.

கை மடங்கியிருந்தாலும் நஷ்டம்தான். மேலே உள்ள கணக்குல கை 20 சென்டிமீட்டர் தாழ்ந்தா, தரையோட கம்பு செய்யற கோணம் 37 டிகிரியிலிருந்து 33-க்கு இறங்குது. கம்பு செங்குத்தா நிமிர அவ்வளவு கூடுதலா சுத்தணும். அதனால கையைத் தூக்கற வேலை கடைசி அடியில ஆரம்பிக்கக் கூடாது. எழும்பறதுக்கு முந்தைய இடது கால் அடியில கை இடுப்பை விட்டுக் கிளம்பணும். வலது கால் படும்போது நெத்திப் பக்கம், கடைசி இடது கால் ஊன்றும்போது முழு நீட்டம். பலர் செய்யறது ஒரு அடி லேட்.

35 முறை உலக சாதனையை மாத்தின செர்கேய் புப்காவும் அவரோட கோச் விதாலி பெத்ரோவும் இதுக்கும் ஒரு படி மேல போனாங்க. கம்பு நுனி பாக்ஸோட பின்சுவரை இடிக்கறதுக்கு ஒரு இம்மி முன்னாடியே கால் தரையை விட்டுடணும்கறது அவங்க வழி. கால் ஊன்றியிருக்கும்போதே கம்பு வளைய ஆரம்பிச்சா, மேல போக வேண்டிய ஆற்றல்ல ஒரு பங்கு உடம்பை அசைக்கறதிலேயே செலவாயிடும். ஒவ்வொரு முறையும் இது அச்சா அமையாது. ஆனா குறி அங்க இருந்தா, தவறினாலும் நல்ல இடத்துல தவறுவீங்க.

கீழ் கையால கம்பைத் தள்ளி வளைக்கணுமாங்கறதுல கோச்சுகளுக்குள்ளேயே சண்டை உண்டு. என் கட்சி, தள்ள வேண்டாம். கம்பை வளைக்கறது உங்க வேகமும் எழும்பலும்தான். கை உறுதியா இருந்தா போதும்.

சரிபார்க்கற விதம் சுலபம். டேக்-ஆஃபுக்கு ஆறு அடி முன்னாடி சாக்பீஸால ஒரு குறி போடுங்க. பக்கவாட்டுல செங்கோணமா நின்னு, நண்பரை ஸ்லோ மோஷன்ல எடுக்கச் சொல்லுங்க. வீடியோவை நிறுத்தி, மேல் கையிலிருந்து கீழே ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்க. கோடு காலுக்குப் பின்னாடி விழுதா? ஆறடிக் குறியிலேயே உள்ளே வந்திருந்தா தப்பு ஓட்டத்தோட ஆரம்பத்துல, ஸ்டார்ட்டைப் பின்னுக்குத் தள்ளுங்க. குறி சரியா இருந்தும் கடைசியில அண்டர் ஆனா, பாக்ஸைப் பார்த்து நீட்டி நீட்டி அடி வைக்கறீங்கன்னு அர்த்தம். அப்போ ஸ்டார்ட்டை மாத்தாதீங்க, அது பிரச்சினையை மறைக்கத்தான் செய்யும். ஆறடி ஓட்டத்துக்கு இறங்கி, கம்பு வளையவே வளையாத அளவுக்குத் தாழ்வாப் பிடிச்சு, கடைசி அடி குட்டையா, வேகமா விழற வரைக்கும் செய்யுங்க. பார் வேண்டாம். மெத்தையும் கோச்சும் கட்டாயம்.