படத்தைத் திருத்தலாம், பிள்ளையைத் திருத்தலாமா?

ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி நடந்தது. "தம்பி, நீதான் நன்றாகப் படம் எடுப்பாயே, வந்து உதவி செய்" என்று ஆசிரியை ஒருவர் கேட்டார். கல்லூரி விடுமுறையில் இருந்த நானும் கேமராவைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போனேன்.

ஆண்டு 5 மாணவிகளின் 100 மீட்டர் ஓட்டம். உச்சி வெயில். முதலாவதாக வந்த மாணவி முடிவுக் கோட்டைத் தொடும் நொடி என் கேமராவில் அழகாகப் பதிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்வை வழிய ஓடி வந்தாள். ஆனால் முகம் மட்டும் இருட்டாக இருந்தது.

அன்றிரவு கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தோலை மென்மையாக்கும் கருவியையும் தட்டினேன். வியர்வை மறைந்தது, நெற்றித் தழும்பு மறைந்தது, நிறமும் இரண்டு படி வெளுத்தது. படத்தின் ஓரத்தில் யாருடைய காலோ தெரிந்தது. அழகைக் கெடுக்கிறது என்று அதையும் அழித்தேன். பள்ளியின் புலனக் குழுவில் பாராட்டு குவிந்தது.

மறுவாரம் அச்சிட்ட படத்தை அந்த மாணவியிடம் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் கையைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அண்ணா, நான் கறுப்பா இருந்தா படம் நல்லா இருக்காதா?" என்றாள். பக்கத்தில் நின்ற தோழி எட்டிப் பார்த்து, "என் கால் எங்கே அண்ணா? நான்தானே ரெண்டாவது வந்தேன்!" என்றாள்.

இருவருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு கால்தானே என்று நினைக்கிறீர்களா? 2010-ஆம் ஆண்டு, உலகப் புகழ்பெற்ற 'வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ' போட்டியில், ஸ்டெபான் ருடிக் என்ற உக்ரேனியர் விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு பெற்றார். பின்னர் போட்டி அமைப்பாளர்கள் அவருடைய மூலப் படத்தை வாங்கி ஒப்பிட்டார்கள். பின்னணியில் தெரிந்த ஒருவரின் பாதத்தை அவர் அழித்திருந்தார். பரிசு பறிபோனது. படத்தின் பெரும் பகுதியை அவர் வெட்டியிருந்தார், கறுப்பு வெள்ளையாகவும் மாற்றியிருந்தார். அவை குற்றமாகவில்லை. அங்கே இருந்த ஒன்றை இல்லாமல் செய்ததுதான் குற்றம். நான் அழித்ததோ இரண்டாம் இடத்தையே!

சரி, முகம் ஏன் இருட்டானது? கேமரா, தான் காணும் வெளிச்சத்தை எல்லாம் சராசரியாக்கி நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சட்டையும் வெயிலில் மின்னும் திடலும் சேர்ந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று கணக்கிட்டுப் படத்தைக் கருமையாக்கிவிடும். அதில் முதலில் மறைவது கறுத்த முகத்தின் நுணுக்கங்கள்தான். இது கேமராவின் கணக்கு. அந்தப் பிள்ளையின் குறை அல்ல.

இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறும் உண்டு. வண்ணப் படச்சுருள் காலத்தில், படம் கழுவும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க 'ஷெர்லி அட்டை' என்ற ஒன்றைக் கோடாக் நிறுவனம் கொடுத்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடைய தோல் நன்றாகத் தெரிந்தால் நிறம் சரி என்று பொருள். சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று குறை சொன்னதும், படச்சுருள் மேம்பட ஒரு காரணமாம். பல இனத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டையைக் கோடாக் வெளியிட்டது 1990-களில்தான். கறுத்த தோலை உள்ளபடி காட்டும் வசதி என்று 'ரியல் டோன்' என்பதைக் கூகள் தன் பிக்சல் 6 கைப்பேசியில் கொண்டுவந்தது 2021-இல்.

மாணவர்களே, உங்களில் பலர் பள்ளிப் போட்டிகளில் கைப்பேசியில் படம் எடுக்கிறீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், கைப்பேசியின் 'பியூட்டி' வசதியை அணைத்துவிடுங்கள். ஓடுபவரின் முகத்தைத் திரையில் தொட்டு, அதற்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கேமராவாக இருந்தால், ஓட்டத்தை உறைய வைக்க 1/1000 நொடி வேகம் உதவும்.

திருத்தும்போது, சாய்ந்த திடலை நேராக்கலாம். தேவையற்ற ஓரத்தை வெட்டலாம், ஆனால் போட்டியின் முடிவு மாறித் தெரியும்படி வெட்டக்கூடாது. நிழலில் மறைந்த முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கலாம். பிறகு முகத்தையும் கையையும் ஒப்பிடுங்கள். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்றிருந்தால் எல்லை மீறிவிட்டீர்கள். தழும்பு, பரு, வியர்வை, மண் எதையும் துடைக்காதீர்கள். மண் ஒட்டிய முழங்கால் விழுந்து எழுந்ததற்குச் சான்று. உடன் ஓடியவரையும் அழிக்காதீர்கள். மூலப் படத்தைத் தனியாகச் சேமித்து வையுங்கள். பிறர் படத்தை முகநூலில் போடுமுன் பள்ளியிடமும் பெற்றோரிடமும் கேளுங்கள்.

என்னிடம் மூலப் படம் பத்திரமாக இருந்தது. வெளிச்சத்தை மட்டும் கூட்டி, இரண்டு பிரதிகள் அச்சிட்டேன். ஒன்றை முதலாவதாக வந்தவளிடமும் மற்றொன்றை இரண்டாவதாக வந்தவளிடமும் கொடுத்து, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

முதலாமவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டி, "இது சைக்கிள்ல விழுந்தது" என்று சிரித்தாள். இரண்டாமவள் படத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "இதோ, என் கால்!" என்றாள்.