கெர்னல் செய்திகளுக்கு முன்னால் ஓர் எண்

லினக்ஸ் கணினியைத் திறக்கும்போது கறுப்புத் திரையில் விறுவிறுவென ஓடும் வரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றில் பல, இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுதும் குறிப்புகள். நினைவகத்தைப் பங்கிடுவதும் வன்தட்டு, விசைப்பலகை போன்ற சாதனங்களோடு பேசுவதும் கெர்னலின் வேலை. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

'யூஎஸ்பி செருகப்பட்டது' என்பது ஒரு செய்தி. 'வன்தட்டைப் படிக்க முடியவில்லை' என்பதும் ஒரு செய்தி. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் முக்கியமானது கூட்டத்தில் தொலைந்துவிடும். அதனால் செய்தியின் முன்னால் 0 முதல் 7 வரை ஓர் எண் ஒட்டப்படுகிறது. எண் சிறியதானால் ஆபத்து பெரியது. தேர்வு மதிப்பெண் போல நினைத்துவிடாதீர்கள்! 0 என்றால் கணினியை இனிப் பயன்படுத்தவே முடியாத நிலை. 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல். 7 என்பது நிரலில் பிழை தேடுபவருக்கானது.

செய்தி வந்ததும் கெர்னல் அந்த எண்ணைத் தனியே பிரித்துக்கொண்டு, செய்தியை நினைவகத்தில் ஒதுக்கிய ஓர் இடத்தில் சேமிக்கிறது. அந்த இடம் வட்டம் போன்றது. நிரம்பியதும் மிகப் பழைய செய்தியின் மேல் புதியது எழுதப்படும்.

திரையில் காட்டுவதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஒரு வரம்பு எண் உண்டு. செய்தியின் எண் வரம்பைவிடச் சிறியதாக இருந்தால்தான் திரைக்குப் போகும். வரம்பு 4 என்றால் பிழை தெரியும், எச்சரிக்கை தெரியாது. தெரியாதது அழிந்துவிடவில்லை, 'டிஎம்இஎஸ்ஜி' என்ற கட்டளையால் பிறகு எடுத்துப் படிக்கலாம்.

எல்லாவற்றையும் காட்டினால் என்ன? சில சர்வர்களில் செய்திகள் சீரியல் கம்பி வழியாக வெளியே போகின்றன. விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஏறக்குறைய 11,500 எழுத்துகள்தாம் அதில் செல்லும். கணினிக்கு இது ஆமை வேகம். ஆனால் கெர்னலே நிலைகுலையும் நேரத்தில் வன்தட்டில் எதையும் எழுத முடியாமல் போகலாம். மின்சாரத்தை நிறுத்தினால் நினைவகமும் காலி. அப்போது திரைக்கு வந்த சில வரிகளே மிஞ்சும் சாட்சி. வரம்பை எங்கே வைப்பது என்பது அதனால் சிறிய முடிவல்ல.

செய்தியின் பொருள் கெர்னலுக்குப் புரியாது. எண்ணைத் தேர்ந்தெடுப்பவர் நிரலாளர். அவர் எண்ணே தராவிட்டால், கெர்னல் வழக்கமாக அதை 4 என்று எடுத்துக்கொள்ளும்.

முன்பு இந்த எண் <3> என்று அடைப்புக்குறிகளுக்குள் எழுதப்பட்டது. மொத்தம் 3 பைட். 2012இல் வந்த லினக்ஸ் 3.6 பதிப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டு எழுத்தும் எண்ணும் என 2 பைட்டாகக் குறைந்தது. ஒரு பைட் மிச்சம்தானே என்கிறீர்களா? கெர்னலில் இப்படிப்பட்ட செய்திகள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

சி மொழி படிப்பவர்களுக்கு ஒன்று: அடுத்தடுத்து எழுதிய இரண்டு சரங்களை சி தானாகவே ஒன்றாக்கிவிடும். முன்னொட்டுக்கும் செய்திக்கும் இடையில் காற்புள்ளி வராததற்கு அதுவே காரணம். பழக்கதோஷத்தில் ஒரு காற்புள்ளி வைத்தால், முன்னொட்டு மட்டும் தனியாகப் போய்ச் சேரும். பதிவில் வெற்று வரிதான் இருக்கும்.