'வெண்பா' விளையாட்டுக்கு இத்தனை புகழ் தகுமா?

வீடியோ கேம் என்றதும் துப்பாக்கிச் சத்தமும் கார் பந்தயமும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இரவு பதினொரு மணிக்கும் மொபைல் போனைக் கீழே வைக்காமல் "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று பிள்ளைகள் கெஞ்சும்போது நாம் திட்டுவதும் அதை நினைத்துத்தான். ஆனால் கதை சொல்வதற்கென்றே செய்யப்படும் வீடியோ கேம்கள் என்று ஒரு தனி வகை உண்டு. சினிமாவில் நாம் கதையைப் பார்த்துக்கொண்டிருப்போம். இதிலோ கதாபாத்திரத்தின் கையாக நாமே இருந்து கதவைத் திறக்க வேண்டும், கடிதத்தைப் பிரிக்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் கதை நகரும்.

அந்த வகையில் 2023 ஜூலை 31 அன்று வெளிவந்ததுதான் 'வெண்பா'. கனடாவில் டொரோண்டோ நகரிலுள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறிய நிறுவனம் இதைச் செய்தது. (விசை என்ற சொல்லைக் கண்டதும் என் போன்ற பொறியாளனுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. தள்ளும் சக்தியும் விசை, பொத்தானும் விசை.) 1988-இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை இது. வெண்பா என்பது மனைவியின் பெயர். கணவர் பாவலன். அங்கே பிறக்கும் மகன் கவின். பெயர் சூட்டியவர்கள் தமிழ் படித்தவர்கள் என்பது தெரிகிறது.

2024 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த இண்டிபெண்டன்ட் கேம்ஸ் பெஸ்டிவலில் தலையாய பரிசான ஷேமஸ் மெக்னாலி பரிசு இதற்குக் கிடைத்தது. அடுத்த மாதமே லண்டனில் 'பாஃப்டா' விருது விழாவில், முதல் படைப்புக்கான விருதையும் பெற்றது. சினிமாவுக்குப் பாஃப்டா வழங்கும் அதே அமைப்புதான் விளையாட்டுகளுக்கும் வழங்குகிறது. இட்லி, புட்டு, தோசை, பிரியாணி என்று தமிழ் வீட்டு அடுக்களையைக் காட்டும் ஒரு விளையாட்டுக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததில் நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் பெருமை வேறு, மதிப்பீடு வேறு. இந்த விளையாட்டைத் தகுதிக்கு மேல் தூக்கி வைத்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் ஏராளம். நம் சங்கத்து இளைஞர்களுக்குள்ளேயே இது பெரிய வாதமாகிவிட்டது. டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்: "சார், ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்து போகிறது. இதற்குப் போய் பதினைந்து டாலர். தோற்கவே முடியாது. தப்பாகச் சமைத்தால் மறுபடியும் சமைக்கலாம். நாம் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதை மாறுவதில்லை. தமிழ் என்பதற்காகத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறார்கள்." பொறியியல் கல்லூரியில் படிக்கும் இன்னொரு தம்பி இதை ஒப்புக்கொள்ளவில்லை. தன் அம்மாவை நினைத்து அழுதேன் என்றார். அழுகை ஒரு வாதமாகாது என்று முதலாமவர் சொன்னார். அதுவும் நியாயம்தான்.

இந்தச் சண்டை புதிதல்ல. 2013-இல் வந்த 'கோன் ஹோம்' என்ற அமெரிக்க விளையாட்டுக்கும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. ஆளில்லாத ஒரு வீட்டில் நடந்து, கடிதங்களையும் பொருட்களையும் பார்த்து ஒரு குடும்பத்தின் கதையைத் தெரிந்துகொள்வதுதான் அந்த ஆட்டம். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். விலையோ இருபது டாலர். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் ஏமாற்றிவிட்டதாகக் கோபித்தார்கள். நீளமான விளையாட்டானால் தப்பிக்கும் என்றும் சொல்ல முடியாது. 2020-இல் வந்த 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகம் இருபது மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசும் பெற்றது. அதையும் மிகைப்படுத்தப்பட்டது என்று இன்றுவரை திட்டுகிறார்கள்.

ஆக, மணிக்கணக்கை வைத்து இதைத் தீர்க்க முடியாது. அதுவும் வெண்பா என்று பெயர் வைத்த பிறகு! நம் யாப்பில் வெண்பாவுக்கு இரண்டு அடி போதும். அதிலும் கடைசி அடியில் ஒரு சீர் குறைவு. ஒரு குறளைப் பார்த்து ஏன் இத்தனை சிறியது என்று கேட்டவர் எவரும் இல்லை.

மற்றக் குறைகள் அப்படித் தள்ளிவிடக் கூடியவை அல்ல. நான் என் மகனின் கம்ப்யூட்டரில், பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஆட, முழுவதையும் பார்த்தேன். பாவலன் பாத்திரம் சரியாக உருவாகவில்லை. அந்த மனிதரை நாம் அறிந்துகொள்ளத் தொடங்கும்போது அவர் கதையிலிருந்து போய்விடுகிறார். ஒரு சமையலுக்கும் அடுத்த சமையலுக்கும் இடையில் பல வருடங்கள் ஓடிவிடுகின்றன. தாய்க்கும் மகனுக்கும் இடையே விரிசல் வளர்ந்த காலம் முழுவதும் அந்த இடைவெளியில் விழுந்துவிடுகிறது. விரிசலை நாம் பார்க்கிறோம், அது எப்படி விழுந்தது என்பதைப் பார்ப்பதில்லை. பாலத்தில் வெடிப்பைக் கண்டுபிடிப்பதோடு என் வேலை முடிந்ததில்லை, எந்தச் சுமையில் எத்தனை நாளில் வந்தது என்று எழுதிக் கொடுத்தால்தான் மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். முடிவில் வரும் சமாதானமும் சற்றுச் சுலபமாக வந்துவிட்டதாகவே எனக்குப் பட்டது. இசைக்கு மட்டும் குறை சொல்ல மாட்டேன். அடுக்களை ரேடியோவில் கேட்பவை பழைய சினிமாப் பாட்டுகள் போலவே இருக்கின்றன, ஆனால் அந்தந்தக் காலத்துத் திரையிசைப் பாணியில் புதிதாக அமைத்தவை.

இனி, "புதிர்கள் ரொம்பச் சுலபம்" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். என் பார்வையில் வழக்கின் மையமே இதுதான்.

வெண்பாவிடம் அவள் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு ஒன்று இருக்கிறது. அது கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. முக்கியமான வரிகள் தெரியவில்லை. எஞ்சிய எழுத்தையும் படத்தையும் வைத்து, போன வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. தட்டுகளை எந்த வாகில் அடுக்குவது என்பது அங்கே ஒரு புதிர். என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. அவள் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டாள். அடுக்களையிலிருந்து என் மனைவி, டெலிவிஷன் பக்கமோ கம்ப்யூட்டர் பக்கமோ திரும்பாமலே சொன்னாள்: "தட்ட மாத்தி வையி மக்களே. குழிக்கு நேர குழி வந்தா எப்பிடிப் பொங்கும்?"

விஷயம் அவ்வளவுதான். கீழ்த்தட்டின் குழிக்கு நேர் மேலே மேல்தட்டின் குழி வந்தால், மாவு வெந்து எழும்பும்போது மேல்தட்டின் அடி அதை அமுக்கும். சற்றுத் திருப்பி வைத்தால் எழும்ப இடமும் உண்டு, ஆவி மேலே போக வழியும் உண்டு. டிப்ளமாவில் நான் படித்த நீராவிப் பாடம் முழுவதும் அந்தப் பாத்திரத்துக்குள் இருக்கிறது. புட்டும் அப்படித்தான். குழாயில் முதலில் சில்லைப் போட மறந்தால் மாவு குடத்துத் தண்ணீரில் விழும். மாவை அழுத்தி அடைத்தால் ஆவி ஏறாது. இதையெல்லாம் நம் பெண்கள் யாரும் புதிர் என்று சொல்ல மாட்டார்கள்.

அதே புதிர் டொரோண்டோவில் ஒரு வெள்ளைக்காரருக்குப் புதிர்தான். என் பேத்திக்கும் புதிர்தான். என் மனைவிக்கு அது புதிரே அல்ல. இந்த விளையாட்டு சுலபமா கடினமா என்பது ஆடுகிறவர் எந்த அடுக்களையில் வளர்ந்தார் என்பதைப் பொறுத்திருக்கிறது. வேறு விளையாட்டுகளில் எதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் கடினமாக்குவார்கள். இங்கே தலைமுறை தள்ளத் தள்ளக் கடினம் தானாகக் கூடுகிறது. கதைக்குள்ளும் அதுவே நடக்கிறது. கவின் பெரியவனான பின், பாட்டியின் அந்தத் தமிழ் நோட்டைப் படிக்கத் திணறுகிறான். அம்மாவுக்குக் கிழிசல் மட்டும்தான் தடை. மகனுக்கு எழுத்தே தடை. வரைபடம் கிடைக்காத பழைய கர்டர் பாலத்தை இரும்பை அளந்து அளந்து மறுபடி வரைந்தவன் நான். வரைபடம் கையில் இருந்தும் அதைப் படிக்க ஆளில்லாத நிலை அதைவிட மோசம்.

விமர்சனம் எழுதிய வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் உணவின் அழகையும் கடல் கடந்த சோகத்தையும் கொண்டாடினார்கள். அந்தப் புகழில் கொஞ்சம் மிகை உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்வேன். தாளிக்கும் சத்தம் நமக்கு அதிசயம் இல்லை. கடல் கடந்தால்தான் மொழி போகும் என்ற எண்ணத்தையும் நம்மைப் போன்றவர்கள் ஏற்க முடியாது.

காட்டாக்கடையிலும் நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் இருக்கும் நாம் கடலைக் கடக்கவில்லை. நம்மில் பலர் நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்தோம். சிலர் எங்கேயும் போகவில்லை, எல்லைக்கோடுதான் அவர்களைக் கடந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுக்காக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1979-இல் கன்னியாகுமரிப் பாதை திறந்த பிறகு, பாறசாலையில் காலையில் ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே நாகர்கோவிலில் இருக்கலாம். களியக்காவிளையோ கூப்பிடு தூரம். வெண்பாவும் பாவலனும் நினைத்தே பார்க்க முடியாத நெருக்கம் இது.

அப்படியிருந்தும் என் பேத்தி, களியக்காவிளையில் நிற்கும் தமிழ்நாட்டு பஸ்ஸின் போர்டில் 'மார்த்தாண்டம்' என்று இருப்பதை வாசிக்க என்னைப் பார்க்கிறாள். மலையாளமும் ஆங்கிலமும் சரளமாக வாசிப்பாள். என்னை 'அப்பூப்பா' என்றும் என் மனைவியை 'அம்மூம்மா' என்றும்தான் கூப்பிடுவாள். அதில் எனக்கு வருத்தமில்லை. மலையாளம் இந்த மண்ணின் மொழி, நமக்குச் சோறு போட்ட மொழி. அதைப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் விளையாட்டில் புட்டு வந்தபோது அவள் கேட்டாள்: "இது மலையாளிகளுடைய பலகாரம் அல்லவா, இவர்கள் ஏன் செய்கிறார்கள்?" மதுரையில் வந்திக் கிழவியின் உதிர்ந்த புட்டுக்காகச் சிவபெருமான் மண் சுமந்து பிரம்படி பட்ட கதையை அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். விளையாட்டு அரை மணி நேரம் நின்றது. பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்தது என்றதும் அவளுக்கு ஒரே சிரிப்பு.

என் மனைவியின் அலமாரியில் அவள் தாயார் எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது. பாதி சமையல், பாதி பால் கணக்கு. அதில் அளவெல்லாம் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்ற கணக்கு தெரியாதவருக்கு அந்த முறுக்கு வராது. என் மகனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அளவு தெரியாது. பேத்திக்கு இரண்டும் இல்லை. விளையாட்டை ஆடி முடித்த மறுநாள் அந்த நோட்டை அவளே எடுத்து வந்து, "இதிலும் கிழிந்திருக்கிறதா?" என்று பார்த்தாள். இரண்டு பக்கம் கிழிந்துதான் இருந்தது. உழக்கு என்றால் எத்தனை கப் என்று கேட்டாள். அலமாரிக்கு மேலிருந்த பித்தளை உழக்கை இறக்கி, தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துக் குறித்துக்கொண்டாள், மலையாள எழுத்தில்தான்.

டெக்னோபார்க் தம்பிக்கு என் பதில் இதுதான். விளையாட்டு என்ற வகையில் வெண்பாவுக்குக் கிடைத்த புகழில் ஓரளவு மிகை இருக்கிறது. உங்கள் கணக்கில் பிழையில்லை, காசுக்கு நேரம் குறைவுதான். ஆனால் அந்தக் கிழிந்த நோட்டை ஒரு விளையாட்டின் இயந்திரமாக வைத்தார்களே, அதற்குக் கிடைத்த பாராட்டு போதவில்லை என்பேன். பரிசு கொடுத்தவர்கள் கதைக்குக் கொடுத்தார்கள். நான் கொடுத்திருந்தால் நோட்டுக்குக் கொடுத்திருப்பேன்.

கம்ப்யூட்டரிலும், நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் போன்ற கருவிகளிலும் இது ஓடும். அடுத்த மாதக் கூட்டத்தில் சங்கத்து டெலிவிஷனில் போட்டுக்காட்ட அந்த இரு தம்பிகளும் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் ஆடுவார், மற்றவர் குறை சொல்வார். இட்லித் தட்டு வரும்போது பெரியவர்கள் விடையைச் சொல்லிவிடாமல், பிள்ளைகள் யோசிக்கும்வரை பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பழைய சமையல் நோட்டோ கணக்கு நோட்டோ இருப்பவர்கள் அன்று கையோடு எடுத்துவாருங்கள். எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை. உழக்கை நான் கொண்டுவருகிறேன்.