வானம் காணும் பசுமை

மழை பொய்த்தால் முதலில் வாடுவது பயிர். அடுத்து வாடுவது உழவர் குடும்பம். அவ்வாட்டத்தின் கடுமையை அளந்தறிய இந்நாளில் செயற்கைக்கோள்களும் துணைபுரிகின்றன. அவை அளப்பது யாது, அளக்க இயலாதது யாது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

பசிய இலை கதிரவனின் செந்நிற ஒளியைப் பெரிதும் உட்கொள்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையோ மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. பயிர் வாடினால் இவ்வேறுபாடு குறைகிறது. திரும்பிவரும் இவ்விரண்டு ஒளிகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் எண், 1-ஐ நெருங்க நெருங்கப் பசுமை அடர்ந்துள்ளது என்பது பொருள். அதனை முந்தைய ஆண்டுகளின் அதே மாதத்து எண்ணோடு ஒப்பிட்டு வறட்சியைக் கணிக்கின்றனர். 1989-இல் விண்வெளித் துறை தொடங்கிய இப்பணியை, 2012 முதல் புதுதில்லியிலுள்ள மகாலனோபிஸ் தேசியப் பயிர் முன்னறிவிப்பு மையம் ஆற்றிவருகிறது.

ஆயினும் கோள் காண்பது பசுமையை மட்டுமே. அது எவருடைய பசுமை என்பதை அது அறியாது. மாமல்லபுரக் கடலோரச் சவுக்குத் தோப்பு கோடையிலும் பசுமை மாறாது. வற்றிய ஏரியில் சீமைக் கருவேலம் தழைத்து நிற்கும். அருகே மானாவாரி வேர்க்கடலை கருகிக் கிடக்கும். சில கோள்களின் படத்தில் ஒரு கட்டமே ஏறத்தாழ 15 ஏக்கர். அதற்குள் ஏழையின் அரை ஏக்கர் எங்ஙனம் தனித்துத் தெரியும்? எனவேதான் 2016-இல் நடுவண் அரசு வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேடு, கிராமங்களில் நேரடிக் கள ஆய்வையும் கட்டாயமாக்கியது.

அவ்வாண்டே வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் 32 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களென அறிவிக்கப்பட்டன. அன்று நம் செங்கற்பட்டு அடங்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. நெற்பயிருக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஆனால் இத்தகைய உதவி, கணக்கில் பெயருள்ளவரையே எளிதில் அடைகிறது. வாய்ச்சொல்லை நம்பிக் குத்தகைக்கு உழுதவர் விதையையும் இழக்கிறார், நிவாரணத்தையும் இழக்கிறார்.

கர்மேல் மலையில் இறைவாக்கினர் எலியா மழைக்காக மன்றாடினார்; அதே வேளையில் கடற்பக்கம் பார்த்துவர ஊழியனை ஏழு முறை அனுப்பினார். மன்றாட்டும் கண்காணிப்பும் அங்கே இணைந்து நின்றன. அச்சிறுபாக்கம் மழை மலை மாதாவிடம் மழை வேண்டும் நாமும் அவ்வாறே செய்வோம். பயிரிட்டவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பதிவு செய்வோம். ஆய்வுக்கு வருவோரிடம் கருகிய வயலை உள்ளபடி காட்டுவோம். நிலமுடையோர், தம் நிலத்தை உழுதவரின் பெயரை மறைக்காதிருப்பாராக. வானத்துக் கோள் காணாத ஏழையின் வயலை, அயலார் நாம் கண்டு சான்று பகர்வதே பிறரன்பு.