அம்மாவின் மீட்டரும் என் எக்ஸெல் சார்ட்டும்: என்சைம் இல்லாத சர்க்கரை ஸ்ட்ரிப் வருமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? கடிதம் டைப் செய்து பார்ப்பார்கள், படம் பார்ப்பார்கள், சீட்டு விளையாடுவார்கள். நானும் அப்படித்தான். உருப்படியாக நான் செய்த முதல் வேலை, அம்மாவின் சர்க்கரை அளவுகளை எக்ஸெல் ஒர்க்ஷீட்டில் ஏற்றியதுதான். தேதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, அளவு என நான்கே காலம். வெறும் வயிற்று அளவுகளை மட்டும் தேர்வு செய்து ஒரு லைன் சார்ட் போட்டேன். மூன்று வாரத்தில் கோடு அழகாகக் கீழே இறங்கியது. 148, 131, 112, 94. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குப் பத்தியம் பலிக்கிறது என்று நினைத்தோம்.

ஒரு நாள் காலை மீட்டர் 61 என்று காட்டியது. பதறிப் போய் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன். அம்மாவுக்கோ வியர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிக் கொண்டேதான் குடித்தார். மறுநாள் வெறும் வயிற்றில் லேபில் ரத்தம் கொடுத்தோம். அளவு 176. வீட்டுக்கு வந்ததும் பழைய ஸ்ட்ரிப்பில் பார்த்தால் 64. புதுப் பாட்டில் வாங்கிப் பார்த்தால் 171. விஷயம் புரிந்தது. ஸ்ட்ரிப் பாட்டில் அடுப்பு மேடையில், மூடி சரியாக மூடாமல், ஒரு மாதமாக ஆவி குடித்துக் கொண்டு இருந்திருக்கிறது. என் சார்ட்டில் இறங்கியது அம்மாவின் சர்க்கரை அல்ல, ஸ்ட்ரிப்பின் உயிர். இதை நம்பி மாத்திரையைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அன்று அம்மா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. "ஏண்டா, உப்பு மாதிரி எத்தனை நாள் வச்சாலும் கெடாத அட்டை ஒண்ணு செய்யக் கூடாதா?"

செய்யலாமா என்று பார்க்கும் முன் இப்போதைய ஸ்ட்ரிப் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து விடலாம். ஸ்ட்ரிப்பில் காய வைத்துப் பூசியிருப்பது ஒரு என்சைம், அதாவது நொதி. பல ஸ்ட்ரிப்களில் இது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். ஒரு வகைப் பூஞ்சையிலிருந்து எடுக்கப்படுவது. ரத்தத் துளி பட்டதும் இந்த என்சைம் குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கும். இன்னொரு ரசாயனம் அவற்றை வாங்கி, கீழே உள்ள எலக்ட்ரோடில் கொண்டு போய்ச் சேர்க்கும். மீட்டர் ஒரு சிறிய வோல்டேஜ் கொடுத்து, எத்தனை மைக்ரோ ஆம்பியர் கரண்ட் ஓடுகிறது என்று அளக்கும். குளுக்கோஸ் அதிகம் என்றால் கரண்ட்டும் அதிகம். மைக்கில் பேசும் குரலை உங்கள் சவுண்ட் கார்ட் எண்களாக மாற்றுகிறது அல்லவா? அதே போல இந்தக் கரண்டை எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறது மீட்டர். உள்ளே இருப்பது ஒரு குட்டி கம்ப்யூட்டர்தான்.

இந்த யோசனை 1962ல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் என்ற இருவர் வெளியிட்டது. பேனா வடிவில் வீட்டு உபயோகத்திற்கு இப்படிக் கரண்ட்டை அளக்கும் மீட்டர் வந்தது 1987ல். எக்ஸாக்டெக் என்று பெயர். இன்று தோளில் ஒட்டிக் கொண்டு, போனுக்கு ப்ளூடூத்தில் டேட்டா அனுப்புகிற சென்சார்களில் பிரபலமானவை கூட இதே என்சைம் வழிதான். என்சைம் என்பது புரதம். வெப்பமும் ஈரமும் பட்டால் கெடும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

என்சைமைத் தூக்கிப் போட்டு விட்டு உலோகத்தையே அந்த வேலைக்கு வைத்தால்? இதற்கான ஆராய்ச்சிகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. பிளாட்டினம், தங்கம், தாமிரம், கோபால்ட், நிக்கல் என எல்லாவற்றையும் முயன்றிருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது நிக்கல். காரணம், அது நமக்குப் பழக்கமான சங்கதி. ரீசார்ஜ் செய்கிற பென்சில் பேட்டரி உங்கள் வீட்டில் இருக்கும். அதில் பாசிட்டிவ் பக்கத்தில் இருப்பது நிக்கல் ஹைட்ராக்சைடு. சார்ஜ் ஏறும்போது அது நிக்கல் ஆக்ஸிஹைட்ராக்சைடாக மாறும். பேட்டரியைப் பயன்படுத்தும்போது பழையபடி திரும்பும். சென்சாரிலும் இதே கதைதான். வோல்டேஜ் கொடுத்தால் நிக்கலின் மேற்பரப்பு 'சார்ஜ்' ஆகிறது. பக்கத்தில் வரும் குளுக்கோஸ் அந்தச் சார்ஜை இறக்கி விடுகிறது. வோல்டேஜ் மறுபடி ஏற்றுகிறது. இப்படி ஏற்றி இறக்குவதில் ஓடும் கரண்ட்தான் குளுக்கோஸின் அளவு. கெட்டுப் போக இதில் புரதம் எதுவும் இல்லை. அடுப்பு மேடையில் வைத்தாலும் கவலை குறைவு.

அப்படியானால் கடையில் ஏன் கிடைக்கவில்லை?

முதல் தடை, நிக்கல் இப்படி நன்றாக வேலை செய்வது காரத்தில். சோதனைச் சாலையில் காஸ்டிக் சோடா கரைசலில் வைத்துப் பார்க்கிறார்கள், அதன் பி.எச். அளவு 13. நம் ரத்தத்தின் பி.எச். 7.4. ரத்தத்தை அப்படியே விட்டால் நிக்கல் சோம்பி விடும். தங்கமும் பிளாட்டினமும் 7.4ல் ஓரளவு வேலை செய்யும். ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸைப் போல ஏறத்தாழ 20 மடங்கு எண்ணிக்கையில் குளோரைடு இருக்கிறது, உப்பில் இருக்கும் அதே குளோரைடு. அது உலோகத்தின் மேல் போய் உட்கார்ந்து இடத்தைப் பிடித்துக் கொள்ளும். 2003ல் கொரிய ஆராய்ச்சியாளர்கள் பிளாட்டினத்தில் நுண்ணிய துளைகள் நிறைய வருமாறு செய்து, குளுக்கோஸின் கரண்ட்டை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார்கள். 2019ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் பிரிவில் இன்னொரு வழி சொன்னார்கள். சென்சாருக்குப் பக்கத்தில் மட்டும் மின்சாரத்தால் பி.எச். அளவைக் கொஞ்ச நேரம் உயர்த்தி, கோபால்ட் ஆக்சைடால் அளப்பது. கெட்டிக்காரத்தனம்தான்.

இரண்டாவது தடைதான் என்னைப் பொறுத்தவரை பெரியது. என்சைம் என்பது சரியான பாஸ்வேர்ட் கொடுத்தால் மட்டும் உள்ளே விடும் கம்ப்யூட்டர் போல. குளுக்கோஸை மட்டும் பிடிக்கும். உலோகமோ எந்தப் பாஸ்வேர்ட் அடித்தாலும் திறந்து கொள்ளும். பழத்தில் உள்ள ஃபிரக்டோஸ், வைட்டமின் சி, யூரிக் ஆசிட், காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் எல்லாமே கரண்ட் தரும். மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் குளுக்கோஸ் என்று காட்டி விடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. பி.க்யூ.க்யூ. என்ற துணைப்பொருளோடு வேலை செய்யும் ஒரு வகை என்சைம் ஸ்ட்ரிப், மால்டோஸ் என்ற சர்க்கரையையும் குளுக்கோஸ் என்று எண்ணிக் கொள்ளும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்து கொள்பவர்கள் சிலருக்கு ஏற்றும் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம், உடலில் மால்டோஸாக மாறும். மீட்டர் பொய்யாக அதிகம் காட்ட, இன்சுலின் கொடுத்து விட்டார்கள். 1997 முதல் 2009 வரை இப்படிப்பட்ட ஸ்ட்ரிப்கள் தொடர்பாக 13 மரணங்கள் பதிவானதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009ல் எச்சரித்தது. என்சைமிலேயே இப்படி என்றால், எதையும் உள்ளே விடும் உலோகத்தை எவ்வளவு சோதிக்க வேண்டும்!

என்சைம் இல்லாத சென்சாரே விற்பனைக்கு வரவில்லை என்று எண்ண வேண்டாம். தோலுக்கு அடியில் பதித்து வைக்கும் எவர்சென்ஸ் என்ற சென்சாருக்கு 2018ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2024ல் அனுமதி பெற்ற மாடல் ஒரு வருடம் வரை உள்ளே இருக்கும். ஆனால் அது கரண்ட்டை அளப்பதில்லை. போரான் கலந்த ஒரு ரசாயனம் குளுக்கோஸைப் பிடித்ததும் விடும் ஒளியை அளக்கிறது.

இடையில் ஒரு வார்த்தை. ஊசியே குத்தாமல் சர்க்கரை காட்டும் கைக்கடிகாரம், மோதிரம் என்று விளம்பரம் பார்த்துப் பணத்தை அனுப்பி விடாதீர்கள். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அதே அமெரிக்க அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்துள்ளது.

அதுவரை இருக்கிற ஸ்ட்ரிப்பை ஒழுங்காக வைத்துக் கொள்ள வேண்டியதுதான். மூடியின் உட்பக்கத்திலோ பாட்டில் சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது; எடுத்தவுடன் மூடி விட வேண்டும். வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து விட்டுக் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். மீட்டருக்கென்று கன்ட்ரோல் சொல்யூஷன் என ஒரு சிறு குப்பி உண்டு. சந்தேகம் வந்தால் அதில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பாட்டிலில் அச்சிட்ட எல்லைக்குள் எண் வர வேண்டும். அன்று நான் அதைச் செய்திருந்தால் சர்க்கரைத் தண்ணீர் மிச்சம்.

ஒரு விஷயம் மறந்து விட்டேன். லேபும் மீட்டரும் ஒரே எண் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2013ல் வந்த ஐ.எஸ்.ஓ. விதிப்படி, 100 மற்றும் அதற்கு மேலான அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். மீட்டரில் பேட்டரி மாற்றினால் தேதியையும் நேரத்தையும் சரி பார்த்து விட்டு, அதன் பிறகே கம்ப்யூட்டருக்கு டேட்டாவை மாற்றுங்கள். இல்லாவிட்டால் சார்ட்டில் கோடு தாறுமாறாகப் போகும். வெளிநாட்டு மீட்டர் சில 9.8 என்பது போல் காட்டும். அது வேறு அலகு. எக்ஸெல்லில் 18 ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு வந்து விடும்.

என் ஒர்க்ஷீட்டில் இப்போது ஐந்தாவதாக ஒரு காலம் சேர்த்திருக்கிறேன். பாட்டில் திறந்த தேதி. அதே தேதியை அம்மா ஸ்கெட்ச் பேனாவால் பாட்டில் மேலும் எழுதி, அடுப்பு மேடையிலிருந்து தூக்கிப் பீரோவில் வைத்து விட்டார்.