படம் முடிந்தபின் பேசுவோம்

திரைப்படம் முடிந்ததும் பேச்சின்றி உறங்கச் செல்வதே நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அண்மையில், 1987-இல் வெளிவந்த ‘பாபெட்டின் விருந்து’ என்னும் டென்மார்க் நாட்டுப் படத்தைக் குடும்பத்துடன் கண்டோம்.

பிரான்சிலிருந்து அகதியாய் வந்து, முதிய சகோதரியர் இருவர் இல்லத்தில் சமையல் செய்பவள் பாபெட். பரிசுச்சீட்டில் விழுந்த 10,000 பிராங்க் முழுவதையும் அவள் ஒரே விருந்தில் செலவழிக்கிறாள். விருந்தினரோ உணவைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என முன்னரே உறுதி பூண்டவர்கள்.

“இது வீண்செலவு அல்லவா, அப்பா?” என்றான் மகன். பெத்தானியாவில் நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோது சீடர்கள் கேட்டதும் இதுவே என்றோம். இல்லத்தரசியோ, “நானும் நாள்தோறும் சமைக்கிறேன், நன்று என ஒருவரேனும் சொன்னதுண்டா?” என்றார். நாம் வாயடைத்துப் போனோம்.

பிறரை மகிழ்விப்பதில் விளையும் இன்பத்தை விளக்க, திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ஆம் ஆண்டு ‘அன்பின் மகிழ்வு’ மடலில் இப்படத்தையே சுட்டிக்காட்டினார்.

அன்பர்களே! படம் கண்டபின் கால்மணி நேரம் கூடி அமருங்கள். இளையவர் முதலில் கருத்துரைக்கட்டும். பெரியவர் பொறுமையுடன் கேட்கட்டும். மனத்தில் நெடுநாள் புதைந்திருந்த சொல் அன்று வெளிவரக்கூடும். மறுநாள் காலை எம் இல்லத்தில் இட்லிக்குப் பாராட்டு எழுந்தது!